பின்வாசல் திறந்திருக்கிறது

பூட்டிக் கிடந்த ஒரு கதவைத் திறந்திருக்கிறது என்று சொல்வதற்கு, ஒரு தையல் தளம் முழுவதற்கும் நான் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன். அந்தக் கதவை நம்பி ஓடிய ஒரு பெண்ணின் வலது கை நசுங்கியது. பூட்டச் சொன்னது நான் இல்லை. பூட்டியதும் நான் இல்லை. ஆனால் அது பூட்டப்படும் கதவு என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பூட்டப்போகிறார்கள் என்பதும் தெரியும். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இனி வயதில்லை.

அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆயுள் முழுக்க ஆங்கிலம் நடத்தியவன் நான். செய்யுளும் கதையும் எனக்கு அவ்வளவாக வராது. இலக்கணம் வரும். அதிலும் ஒரு பாடம் எனக்கு மிகவும் பிடிக்கும்: லிங்கிங் வெர்ப் எது, ஆக்‌ஷன் வெர்ப் எது என்று பிரித்துப் பார்ப்பது.

தமிழில் ‘இவள் என் தங்கை’ என்றால் வாக்கியம் முடிந்துவிடுகிறது. நடுவில் வினை எதுவும் வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்கு அது போதாது. ‘ஷி இஸ் மை சிஸ்டர்’ என்று நடுவில் ஒரு ‘இஸ்’ வைத்தே ஆகவேண்டும். அந்த ‘இஸ்’ ஒரு வேலையும் செய்வதில்லை. இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். ஓடுவது, தைப்பது, வெட்டுவது, பூட்டுவது எல்லாம் செயல். அங்கே செய்கிறவர் ஒருவர் உண்டு. இரண்டு பக்கமும் சாய்கிற சொற்களும் சில இருக்கின்றன. ‘தி கிளாத் ஸ்மெல்ஸ் பேட்’ என்றால் துணி நாறுகிறது. துணி எதையும் செய்யவில்லை. ‘ஷி ஸ்மெல்ஸ் தி கிளாத்’ என்றால் அவள் துணியை முகர்ந்து பார்க்கிறாள்; அவள் செய்கிறாள். குழம்பும் பிள்ளைகளுக்கு நான் ஒரு வழி சொல்வேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஸ்’ போட்டுப் பார். வாக்கியம் நின்றால் லிங்கிங். ‘அவள்தான் துணி’ என்று ஆகிவிட்டால் ஆக்‌ஷன். வகுப்பு சிரிக்கும். சிரித்தால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

எவ்வளவு சிரித்தும் இந்தப் பாடம் ஏறாத ஒரு மாணவன் இருந்தான். தோட்டங்காடு நிறைய இருந்த குடும்பத்துப் பையன். நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து அவன் என் வீட்டுக்கு வந்தபோது திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் முதலாளியாக இருந்தான். வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

“உங்ககிட்ட ஒரு ஒத்தாசைங்க சார். நம்ம கம்பெனிப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கோணும்.”

“எதுக்குப்பா அவங்களுக்கு இங்கிலீஷ்?”

“ஆடிட்டுக்குங்க சார்.”

வெளிநாட்டில் சட்டை வாங்கும் கம்பெனிகள், தைக்கிற இடம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்பும். வருகிறவர்கள் தொழிலாளர்களைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு. அங்கேதான் தனக்குச் சிக்கல் என்றான்.

“தமிழ்ல கேட்டா எல்லாத்தையும் கொட்டிப்போடறாங்க சார். ஒருத்தி ஆரம்பிச்சா போதும், ஊட்டுக் கதையிலிருந்து வந்துருவா. இங்கிலீஷ்னா நாம சொல்லிக்குடுத்தது மட்டுந்தானுங்களே வரும்?”

இதைக் கேட்ட அந்த இடத்திலேயே நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. கம்பெனி வேன் வாசலுக்கு வந்து அழைத்துப்போகும் என்றான். அதைவிட, படிப்பு ஏறாத அந்தப் பையன் என் இலக்கணத்தைத் தேடி வந்திருக்கிறான் என்பது எனக்குப் போதுமாக இருந்தது.

அது மட்டுமா? யோசனையும் நானே சொன்னேன். “லிங்கிங் வெர்ப் மட்டும் கத்துக்குடுக்கறேன். ஃபுட் இஸ் குட். ஹாஸ்டல் இஸ் கிளீன். வீ ஆர் ஹேப்பி. இந்த வாக்கியத்துல யாரும் எதையும் செய்ய மாட்டாங்க. செஞ்சவன் யாருன்னு கேள்வியே வராது.”

“நீங்க நீங்கதானுங்க சார்” என்றான்.

வகுப்பு மாலை ஷிப்டு முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பெரும்பாலும் பெண்கள். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தவர்கள். தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து உட்காருவார்கள். களைப்பில் வாயே திறக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே என்னைக் கேலி பேசி ஓட்டினார்கள்.

“சார், இஸ்ஸுங்கிறது அப்ப ஓவர்லாக் மாதிரியா? முன்பீஸையும் பின்பீஸையும் சேத்துப் பிடிக்கும், தனக்குன்னு ஒண்ணும் கெடையாது.”

கேட்டவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ஓவர்லாக் மிஷினில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“அதேதான் கண்ணு.”

“அப்ப நம்ம சூப்பர்வைசர் ஆக்‌ஷன் வெர்ப்பு” என்றாள் பின்னால் இருந்து ஒருத்தி.

“அந்தாளு எங்க வேல செய்தாரு? கத்த மட்டுந்தான செய்தாரு.”

“கத்துறதும் ஆக்‌ஷன்தாம்ட்டி.”

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் ஒரு காரியத்துக்கு வேண்டியிருந்தது. மிஷினை விட்டு எழுந்திருக்க வேண்டும் அவளுக்கு. வெளிநாட்டுக்காரர்கள் வரும்போது கூடவே நடந்து, துணியை விரித்துக் காட்டி, பதில் சொல்கிற தர ஆய்வாளர் வேலை அவள் கண்ணில் இருந்தது. “அந்த அக்காமாரு உக்காரவே மாட்டாவ சார், கவனிச்சியளா? நின்னுக்கிட்டே வேல பாப்பாவ. எனக்கு அதுதான் வேணும்” என்பாள். மற்றவர்கள் ஆடிட்டுக்காகக் கற்றார்கள். அவள் தனக்காகக் கற்றாள். அதனால் ஆக்‌ஷன் வெர்ப்பையும் விடாமல் கேட்டாள். நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்தேன். முதலாளிக்குத் தெரியாது.

தையல் தளம் முதல் மாடியில் இருந்தது. ஏற முன்பக்கம் ஒரு படிக்கட்டு. பின்பக்கச் சுவரில் ஒரு இரும்புக் கதவு. அதைத் திறந்தால் வெளியே இரும்புப் படி, நேராகச் சந்துக்கு இறங்கும். தீ, புகை என்றால் தப்பிக்க வைத்த வழி. கதவுக்கு மேலே பச்சை விளக்கு. கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு. பீஸ் திருட்டுப் போகிறது என்று பூட்டிவைத்திருந்தார்கள்.

ஆடிட் வருகிறது என்றால் கம்பெனிக்கே கல்யாணக் களை வந்துவிடும். தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்பார்கள். தீயணைப்பு உருளைகளைத் துடைப்பார்கள். முதலுதவிப் பெட்டியில் மருந்து வந்து உட்காரும். காலையில் எல்லாருக்கும் புது மாஸ்க் கொடுப்பார்கள். பச்சை விளக்கு எரியும். கடைசியாக வாட்ச்மேன் போய்ப் பின்வாசல் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவார். ஆடிட்டர் வண்டி தெருமுனை திரும்பியதும் பூட்டு பழையபடி ஏறிவிடும். இதை யாரும் யாருக்கும் அறிவித்ததில்லை. மாஸ்க் கொடுத்தால் கதவு திறந்திருக்கிறது. அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் அது தெரியும். மழைக்கு முன்னால் எறும்புக்குத் தெரிகிற மாதிரி.

முதல் ஆடிட்டுக்கு முன்னால் ஒத்திகை நடத்தினேன். நான்தான் ஆடிட்டர். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். இஸ் தி பேக் டோர் ஓப்பன்? எஸ் சார், தி பேக் டோர் இஸ் ஓப்பன்.

தூத்துக்குடிப் பெண்ணின் முறை வந்தபோது அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள்.

“பின்வாசல பூட்டுதாவளே சார். அத எப்படிச் சொல்ல?”

“‘தே லாக் தி டோர்.’”

“அது ஆக்‌ஷன் வெர்ப்பா?”

“ஆமா.”

“அப்ப அதச் சொல்லக்கூடாதோ?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னேன். “ஆடிட் அன்னிக்குக் கதவு தொறந்துதானே கண்ணு இருக்குது? அன்னிக்குத் தொறந்திருக்குன்னு சொன்னா அது பொய் இல்லையே?”

அவள் யோசித்தாள். “பொய் இல்ல” என்றாள். பிறகு நான் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொன்னாள். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

வெளிநாட்டுக்காரர் வந்தார். பெண்கள் நேராக ஆங்கிலத்தில் பதில் சொன்னதும் மொழிபெயர்ப்பாளர் பேனாவை மூடிவைத்துவிட்டாராம். முதலாளி எனக்குப் பொன்னாடை போர்த்தினான். அடுத்த ஆடிட்டுக்கும் நானே என்று ஆனது. அவளைத் தரம் பார்க்கும் செக்கிங் டேபிளுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். அடுத்த ஆடிட் முடியட்டும் என்றார்கள்.

அந்த அடுத்த ஆடிட் நாளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

காலையிலேயே வேன் வந்து என்னை அழைத்துப்போனது. மஞ்சள் கோடு ஈரமாக இருந்தது. ஓரமாகத் தாண்டிப் போனேன். மேலே எல்லாருக்கும் மாஸ்க் கொடுத்தாயிற்று. என்னைக் கண்டதும் அவள் மாஸ்க்கைக் கீழே இழுத்து, “சார், இன்னிக்கு நான் ஆடிட்டர்ட்ட ரெண்டு கேள்வி கேக்கப் போறேன். அவரு பதில் சொல்லட்டும்” என்றாள். பக்கத்து மிஷின்காரி, “ஆமா, ஒனக்கு அந்த ஊர்ல மாப்பிள இருக்கான்னு கேளு” என்றாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூட்டு இல்லை. கதவைத் தள்ளி நானே பார்த்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி அறையில் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. பேசிவிட்டு வைத்தான்.

“வரலீங்களாம் சார். அடுத்த வாரமாம்.” வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “அண்ணா, அந்தப் பூட்டப் போட்ருங்க.”

வாட்ச்மேன் வந்து மேசை ஓரத்திலிருந்த பூட்டை எடுத்துக்கொண்டு போனார். சாவியைப் பல்லில் கடித்திருந்தார்.

“சார், மேல போயி புள்ளைங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க, இன்னிக்கு இல்லீன்னு. நீங்க சொன்னா சங்கடப்பட மாட்டாங்க.”

“சொல்லிடறேன்” என்றேன்.

சொல்லவில்லை. படியில் பாதி ஏறினேன். மிஷின் சத்தம் கேட்டது. அவள் கேட்க வைத்திருந்த இரண்டு கேள்விகள் நினைவுக்கு வந்தன. அந்த முகத்திடம் போய் இன்று இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெயில் வேறு. வேன் டிரைவர் கீழேயிருந்து, “சார், நான் இப்ப அவிநாசிதான் போறேன், வர்றீங்களா?” என்றான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்கி வண்டியில் ஏறினேன். சந்து முனையில் திரும்பும்போது இரும்புப் படியின் அடிப்பகுதி தெரிந்தது. அதன் மேலே ஒரு பூனை படுத்திருந்தது. ஏனோ அது மனதில் நின்றுவிட்டது.

மாலைக்குள் செய்தி வந்துவிட்டது. கீழ்த்தளத்தில் அட்டைப் பெட்டிகளும் கட்டிங் வேஸ்ட் துணியும் கிடந்த மூலையில் தீ. பெரிய தீ இல்லை. ஆனால் பனியன் துணி எரிந்தால் புகை கறுப்பாக எழும். அது முன்படிக்கட்டு வழியாக மேலே ஏறிவிட்டது. பெண்கள் திகைத்து நிற்கவில்லை. பின்வாசலுக்கு ஓடினார்கள். அவர்கள் முகத்தில் மாஸ்க் இருந்தது, தலைக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்திருக்கிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. மற்ற நாளாக இருந்திருந்தால் அந்தக் கதவுப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். முன்பக்க ஜன்னலுக்கோ மொட்டைமாடிக்கோ போயிருப்பார்கள்.

முதலில் ஓடியவள் அவள். கதவு அசையவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை, தள்ளிக்கொண்டே வந்தார்கள். அவளுடைய வலது கை தாழ்ப்பாளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கீழே அயர்னிங்கில் வேலை செய்த வடக்கத்திப் பையன்கள் சந்துப் பக்கமாக ஏறி வந்து தீயணைப்பு உருளையால் அடித்துப் பூட்டை உடைத்தார்கள். அன்று காலையில் துடைத்து வைத்த உருளை. யாரும் சாகவில்லை. இந்த வார்த்தையை முதலாளி அன்றைக்குப் பலமுறை சொன்னான். நானும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தேன். முழங்கைவரை கட்டு. புகை குடித்ததில் குரல் போயிருந்தது.

“மாஸ்க் குடுத்தாவளே சார்” என்றாள். “மாஸ்க் குடுத்துட்டுப் பூட்டுவாவளா?”

நான் ஸ்டூலைக் கட்டிலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“ஆடிட்டரு வரவே இல்லியா?”

“வரலை கண்ணு.”

“யாரும் சொல்லலியே.”

கட்டிலுக்கு அடியில் அவள் செருப்பு ஒன்றுதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

கை கூடியது. விரல்கள் மடங்கவில்லை. ஓவர்லாக்கில் இனி உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டை வாங்கும் கம்பெனி, என்ன நடந்தது என்று விசாரிக்க பெங்களூரிலிருந்து ஒரு அம்மாவை அனுப்புவதாகச் சொன்னது. அதற்கு முன்னால் முதலாளி என்னை அழைத்தான். குரல் எப்போதும்போலவே பணிவாக இருந்தது.

“கதவு துருப்புடிச்சு இறுகிப்போச்சுன்னு சொல்லிக்கலாமுங்க சார். ‘தி டோர் வாஸ் ஸ்டக்.’ அதும் நீங்க சொல்ற லிங்கிங் வெர்ப்புதானுங்களே?”

பள்ளியில் பிடிபடாத பாடம் அவனுக்கு இப்போது பிடிபட்டிருந்தது.

“பூட்டுன்னு ஒரு வார்த்த வந்தா ஆர்டர் போச்சுங்க. ஆர்டர் போனா இத்தன பேரும் ரோட்டுலதான். அந்தப் புள்ளைக்கு ஆபீஸ்ல வேல போட்டுத் தர்றேன். மிஷினே வேண்டாம். வர்ற போற வெளிநாட்டுக்காரங்ககிட்டப் பேசட்டும். அதுக்குத்தானுங்களே ஆசைப்பட்டுது? நீங்க அதுகிட்ட ஒருக்காச் சொல்லிக்குடுத்துருங்க.”

போய்ச் சொன்னேன். அவள் மடங்காத விரல்களைத் தடவினாள். “ஆபீஸ் வேலன்னா எழுதி வாங்கிக் குடுப்பியளா சார்?” என்று கேட்டாள். முதலாளியின் வாக்கு என்றேன். “சரி, சொல்லுதேன்” என்றாள். வாக்கியத்தை ஒருமுறைதான் சொன்னேன். பிடித்துக்கொண்டாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். தூங்கினேன். விடிந்ததும்தான் அது என்மேல் ஏறி உட்கார்ந்தது. இரண்டாம் முறையாக அந்தக் கதவுக்கு ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறேன். முதல் வாக்கியம் அவள் கையை எடுத்தது.

பெங்களூர் அம்மா தையல் தளத்துக்குக் கீழே ஒரு அறையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் புகைக்கரி இன்னும் போகவில்லை. பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் முதலில் என்னை அழைத்தார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இந்தக் கதவை இவர்கள் பூட்டுகிறார்கள். ஆடிட் அன்று மட்டும் திறக்கிறார்கள். அன்று முதலாளி பூட்டச் சொன்னார், நான் கேட்டேன். வாட்ச்மேன் பூட்டை எடுத்துப்போனார், நான் பார்த்தேன். மேலே போய்ச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்கள், நான் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்தில்கூட ஆள் இல்லாமல் பேசவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு இலகுவாகிக்கொண்டே வந்தது. எழுந்து வெளியே வரும்போது நான் நல்லவனாக இருந்தேன்.

அடுத்து அவளை அழைத்தார்கள். வாசலில் என்னைத் தாண்டிப் போகும்போது லேசாகச் சிரித்தாள். நான் எதையும் சொல்லவில்லை. அறைக் கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது, கரகரப்பாக, ஆனால் தெளிவாக: ‘தி டோர் வாஸ் ஸ்டக், மேடம்.’

அந்த அம்மா தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு தமிழில் மெதுவாகக் கேட்டார்: “அப்படிச் சொல்லச் சொன்னது யாரும்மா?”

ஆர்டர் போயிற்று. சில மாதங்களில் கம்பெனி மூடப்பட்டது. முதலாளி என்னிடம் கோபப்படவே இல்லை. கடைசியாகப் பார்த்தபோதும் கை கூப்பி, “நல்லா இருங்க சார்” என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஹாஸ்டலைக் காலி செய்த அன்று அவளைப் பார்க்கப் போனேன். பெண்கள் பைகளோடு வாசலில் ஆட்டோவுக்கு நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒவ்வொருத்தியாக வேறு பக்கம் திரும்பினார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை.

“உண்மையச் சொன்னேன் கண்ணு” என்றேன்.

“சொன்னிய. நல்லது” என்றாள். “என்னக் கேட்டியளா?”

நான் அவள் பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

“உள்ள போறதுக்கு முன்னால வாசல்ல நின்னியள்லா? அப்பமாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? நானும் உண்மையவே சொல்லியிருப்பேன். கையும் போச்சு, வேலயும் போச்சு. போகட்டும். அந்த அம்மா முன்னால என்னப் பொய்க்காரியாவுல்ல ஆக்கிட்டிய.”

படியில் பாதி ஏறி இறங்கியது எனக்கு நினைவுக்கு வந்தது. அன்றும் ஒரு வார்த்தைதான். இரண்டு முறையும் அந்த ஒரு வார்த்தையை அவளுக்குத் தராமல் போனேன். இரண்டு முறையும் சங்கடத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான்.

அதற்குப் பிறகு அவளுக்காக ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினேன். பழைய மாணவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். டீ கொடுத்தார்கள். கம்பெனியை மூடவைத்த வாத்தியார் என்று என் பெயர் எனக்கு முன்னால் போயிருந்தது. ‘சொல்லி அனுப்பறமுங்க சார்’ என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இந்த வருடம் காதர்பேட்டைக் கடைத்தெருவில் பேரனுக்குப் பனியன் எடுக்கப் போனபோது அவளைத் தற்செயலாகப் பார்த்தேன். ஒரு கடை வாசலில் நின்று, எடுத்த துணிகளை இடது கையால் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டாளாம்.

“வேல கெடச்சிருச்சு சார். செக்கிங். நின்னுக்கிட்டுத்தான் பாக்கேன்.”

“எங்க கண்ணு?”

“அதே பில்டிங்குதான். வேற ஆளு வாடகைக்கு எடுத்திருக்காவ. சுண்ணாம்பு அடிச்சிட்டாவ, கரி தெரியல.” பையின் வாயை முடிச்சுப் போட்டாள், பல்லால் ஒரு நுனியை இழுத்து. “பூட்டும் புதுசு.”

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. முடிச்சைப் பார்த்துச் சொன்னாள்.

“சும்மா விடப்படாது. நான் கேக்கறேன்” என்றேன்.

“வேண்டாம் சார்.” உடனே சொன்னாள். “நீங்க ஒண்ணும் செய்யாதிய.”

இந்த முறை அவளைக் கேட்டேன், அவள் வேண்டாம் என்றாள். ஆனால் அந்தத் தளத்தில் அவள் ஒருத்தி மட்டும் இல்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நாள் கணக்காக யோசித்துவிட்டு, அவள் பெயரோ அங்கே வேலை செய்கிற யார் பெயரோ வராமல், என் பெயரில் மட்டும் தொழிற்சாலைகளைப் பார்வையிடும் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். அவர்கள் கம்பெனிக்குத் தகவல் சொன்னார்கள். கம்பெனியிலிருந்து எனக்கே போன் வந்தது. என் பெயர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. மேனேஜராம். குரலில் அத்தனை மரியாதை.

“ஏனுங்க அய்யா, எதுக்குங்க வீண் சந்தேகம்? வெள்ளிக்கெழம வந்து நீங்களே ஒருக்காப் பாத்துட்டுப் போங்க. வண்டி அனுப்பறமுங்க.”

போனேன். வண்டி சந்து வழியாகவே வந்தது. தரையில் மஞ்சள் கோடு பளிச்சென்று இருந்தது. மேனேஜர் என் கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றிவிட்டார். மிஷின் வரிசை வரிசையாகப் பெண்கள், எல்லாரும் புதியவர்கள். எல்லார் முகத்திலும் மாஸ்க். பாக்கெட்டிலிருந்து எடுத்த மடிப்பு இன்னும் கலையவில்லை. பின்சுவரில் பச்சை விளக்கு. இரும்புக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அதன் வழியாக வெளிச்சம் தளத்தின் பாதிவரை வந்திருந்தது.

“பாத்துக்கங்க அய்யா” என்றார் மேனேஜர்.

செக்கிங் டேபிளில் அவள் நின்றிருந்தாள். இடது கை சட்டையின் தையல்மேல் ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. அவளைக் கடக்கும்போது என்னையறியாமல் நின்றுவிட்டேன். மேனேஜர் பக்கத்தில் இருந்தார்.

“சொல்லும்மா, அய்யா கேக்கறாங்கல்ல” என்றார். நான் எதையும் கேட்கவில்லை.

அவள் நிமிர்ந்தாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. ‘தி பேக் டோர் இஸ் ஓப்பன், சார்’ என்றாள். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

“பாத்தீங்களா, இங்கிலீஷே பேசறாங்க” என்று மேனேஜர் சிரித்தார்.

நான் அந்தக் கதவு வழியாகவே வெளியே போய், இரும்புப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். கீழே ஸ்டூலில் இருந்த வாட்ச்மேன் என்னைக் கண்டதும் எழுந்து, ஒதுங்கி எனக்கு வழி விட்டார். வணக்கம் வைக்க இடது கையைத் தூக்கினார். வலது கையில் பூட்டு இருந்தது.